சந்தனம் காய்ந்த சிந்தசைசர்

என் வீட்டுக்காரர் மாதவராஜ் காரிமங்கலம் பக்கம் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அப்படித்தான் சேலத்துக்காரன் ஒருவனிடம் பழைய அனலாக் சிந்தசைசர் கீபோர்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டார். கோளாறு இருந்தால் திருப்பி அனுப்ப இன்றைக்குத்தான் கடைசி நாள்.

வாசிக்க உட்கார்ந்தார். சுருதி நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

"ஏங்க, இது சரியில்ல. அனுப்பிருங்க."

"சூடாகுற வரைக்கும் அப்படித்தான் சுகுணா. பழைய மெஷினு."

"வித்தவன் சொன்னானா?"

"ஆமா."

"வேற என்ன சொல்லுவான்?"

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பளபளவென்று துடைத்திருந்தான். பின்பக்கத்தில் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது.

"வூட்டுல சும்மா கெடந்ததுன்னானே, ஆயுத பூஜைக்குப் பொட்டு மேல பொட்டு வெச்சிருக்கான் பாருங்க. கச்சேரிக்குப் போகாத பொட்டிக்கா வருசா வருசம் பூஜை?"

அவர் முகம் தொங்கிப்போனது. சோறு வடிக்கும்வரை ஓடட்டும் என்றேன். பிறகு ஒவ்வொரு கட்டையாக அழுத்தச் சொல்லி, போனில் சுருதி காட்டும் ஆப்பில் பார்த்தேன். சூடான பிறகு சுருதி அசையவே இல்லை.

"வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கங்க. ஆனா அவனுக்குப் போன் போட்டுக் குடுங்க. நல்ல பொருளுக்கு எதுக்குப் பொய் சொன்னான்னு நான் கேக்கணும்."