நின்றுகொண்டே வந்தவர்

கொல்லிமலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அந்தப் பெரியவர் நின்றுகொண்டே வந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அதில் தெரிந்த காக்கிச் சட்டைக்காரன், பேங்குக்குப் போகும்வரை போனை அணைக்கக் கூடாது என்று அதட்டிக்கொண்டிருந்தான். வளைவுகளில் பெரியவர் தள்ளாடினார். கம்பியைப் பிடிக்கக் கை இல்லை.

பாதி மலையில் சிக்னல் போனது. பக்கத்து சீட்டில் இருந்த என்னிடம் போனை நீட்டினார்.

“லைன் போயிருச்சுங்க. நானே அமத்திட்டேன்னு நெனச்சுக்குவாருங்க. எம்மேல கேசு இருக்குதாமுங்க. மொளகு வித்த பணத்தை அனுப்பாட்டி கைதுங்கறாரு.”

“அவன் திருடனுங்க. எந்தப் போலீசும் போன்ல கைது பண்ணாதுங்க. இனி எடுக்காதீங்க” என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

மலையடிவாரத்துக் காரவள்ளியில் சிக்னல் வந்ததும் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. ஆனால் துண்டை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஒருவேளை நெசப் போலீசா இருந்துட்டா, உக்காந்திருக்கறது மரியாதை இல்லீங்களே.”

நாமக்கல் வரை அது விட்டுவிட்டு அடித்தது. அவர் எடுக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.