மார்க்ஸ் டோர்மோயில் வைக்கிங் ரொட்டி சுடப் போய்

ஒரு ரொட்டியைச் சுடக் கற்றுக்கொள்வதற்காக 2017 அக்டோபர் கடைசியில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிரான்ஸ் போனேன். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். எனக்குப் பழங்கால உணவுகளில் பைத்தியம். வைக்கிங்குகளைக் கப்பலும் கோடரியுமாகத்தான் நமக்குத் தெரியும். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று படிக்கத் தொடங்கியவள், சுவீடன் புதைகுழிகளில் கருகிக் கிடைத்த குட்டி ரொட்டிகளைப் பற்றி அறிந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். பார்லி மாவு, கையில் கிடைத்த வேறு தானியம், உப்பு, மோர். ஈஸ்ட் கிடையாது. நடுவில் ஓட்டை போட்டுத் தட்டி, இரும்பில் வைத்துத் தணலில் சுடுவது.

சுவீடன் போக எனக்கு வசதியில்லை. பிரான்சின் நார்மண்டிப் பகுதி வைக்கிங்குகள் வந்து குடியேறிய இடம். கான் நகருக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துக் கிராமம் ஒன்றை மரத்திலும் மண்ணிலும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ரொட்டி சுட்டுக் காட்டும் பெண்மணி, என் அரைகுறைப் பிரெஞ்சைப் பொறுத்துக்கொண்டு, ஒரு பகல் முழுவதும் என்னைத் தன் அடுப்பங்கரையில் உட்கார விட்டார். கொழுந்துவிட்டு எரியும் தீயில் சுடவே கூடாது, சிவந்த தணல்தான் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிளம்பும்போது அங்கிருந்த கொல்லரிடம் நீண்ட கைப்பிடி வைத்த இரும்புச் சட்டி ஒன்று வாங்கினேன். நாற்பது யூரோ. விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். வாங்குவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

கானிலிருந்து பாரிஸின் சாந்-லசார் நிலையத்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். முன்பதிவு செய்திருந்ததால் பதினெட்டு யூரோவில் முடிந்தது. அங்கேயே கீழே இறங்கினால் மெட்ரோ 12ஆம் தடம், மாறாமல் நேராக மார்க்ஸ் டோர்மோய் நிலையம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் சாப்பிடவோ கடைகளைப் பார்க்கவோ போகிறவர்கள் இந்த வழியையும் குறித்துக்கொள்ளலாம். அங்கிருந்து பத்து நிமிட நடை.

மார்க்ஸ் டோர்மோயில் எனக்காகக் காத்திருந்தவள் வதனி. அவள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னை வளசரவாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஏழு வருடம் இருந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவள். இப்போது ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. கணவர் குணம் லா ஷப்பலில் ஒரு உணவகத்தில் சமையல்காரர். நான்காம் மாடியில் இரண்டு அறை, ஒரு குசினி, அதாவது சமையலறை. லிஃப்ட் இல்லை. இரும்புச் சட்டியோடு ஏறிப் பார்த்தால்தான் அந்தப் படிகளின் அருமை தெரியும்.

அந்த வீட்டின் கூடத்தில் பளிங்கு வைத்த பழைய கணப்பு ஒன்று இருந்தது. பாரிஸின் பழைய கட்டடங்களில் இது சகஜம். முன்பெல்லாம் குளிருக்கு விறகு எரித்திருக்கிறார்கள். இப்போது பலகை அடித்து மூடி, மேலே குடும்பப் படங்களை வைத்துவிடுகிறார்கள். தணல் வேண்டும் என்று நான் சொன்னதுமே குணத்தின் கண் அந்தப் பலகைக்குப் போயிற்று.

வதனிக்கு அது பிடிக்கவில்லை. புகைபோக்கியைச் சுத்தம் செய்து எத்தனை வருடமோ, வீட்டுக்காரரைக் கேட்காமல் தொடக் கூடாது என்றாள். குணம் பலகையைக் கழற்றி, ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி உள்ளே பிடித்தார். புகை சர்ரென்று மேலே ஏறிப் போனது. அறைக்குள் ஒரு இழைகூட வரவில்லை. எனக்கும் அது போதும் என்றே பட்டது. ஆசை என்னுடையதுதானே.

மறுநாள் திங்கட்கிழமை. குணத்துக்கு விடுமுறை, வதனி மத்தியானத்தோடு வந்துவிட்டாள். பார்லி மாவு இயற்கை விளைபொருள் கடையில் கிடைத்தது. மோருக்கு அலையவே வேண்டாம். மார்க்ஸ் டோர்மோயின் அரபுக் கடைகளில் லெபென் என்று புட்டியில் விற்கிறார்கள், நம் மோரேதான். ஆளிவிதை தமிழ்க் கடையிலேயே இருந்தது. விறகு பெட்ரோல் பங்கில் ஒரு மூட்டை வாங்கினோம்.

வெளியே நல்ல குளிர். ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு இரண்டு மணிக்குத் தீ மூட்டினோம். நாலரைக்கு அழகான தணல் சேர்ந்துவிட்டது. மாவை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, சட்டியில் வைத்தேன். பார்லிக்கு ஒரு மணம் உண்டு, வறுத்த கடலைக்கும் ஈர மண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. முதல் ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

"இதைப் பாண் எண்டு சொல்லேலாது அக்கா," என்றாள் வதனி, மென்றபடி; கடையில் வாங்கும் பிரெட்டைத்தான் அவர்கள் பாண் என்பார்கள். "இது எங்கட ரொட்டி. தேங்காய்ப்பூ தான் குறை."

அப்போதுதான் மேலே தட்டும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் மாடியில், சரியாக எங்கள் தலைக்கு மேலே, முசியே ரொபேர், நம் வழக்கில் திரு. ரொபேர், தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறி தாளிக்கும் வாசனை வந்தால் தட்டுவார், யாராவது சத்தமாகச் சிரித்தால் தட்டுவார். கைத்தடியால் தரையில் டொக் டொக் டொக் என்று மூன்று தட்டு, அவ்வளவுதான். மூன்று வருடமாக அவரோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு அந்த மூன்று தட்டு மட்டுமே.

குணம் சிரித்தார். வைக்கிங் வாசமும் ஆளுக்கு ஆகவில்லை போல என்றார். நான் அடுத்த ரொட்டியைச் சட்டியில் வைத்தேன். மறுபடி தட்டல். பிறகு ஒரு இடைவெளி. பிறகு இன்னொன்று. அதன் பின் நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. விருந்தாளியாக வந்த இடத்தில் அண்டை வீட்டாரோடு சச்சரவு வேண்டாமே.

வதனி மட்டும் கூரையைப் பார்த்தபடியே இருந்தாள். வாயிலிருந்த ரொட்டியை மெல்லவில்லை.

"அது தடி இல்லை," என்றாள். "அவர் இப்பிடித் தட்டுறேல்லை."

விடும், நின்றுவிட்டதுதானே என்றார் குணம். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். நானும் பின்னால் ஏறினேன். ஐந்தாம் மாடிப் படியில் கால் வைத்ததுமே மூக்கில் ஒரு வாசம் ஏறியது. விறகுப் புகை வாசம். எங்கள் கூடத்தில் இல்லாத வாசம், அவருடைய மூடிய கதவுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே வானொலி பேசிக்கொண்டிருந்தது. வதனி மணியடித்தாள், கதவை அறைந்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வானொலியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

குணம் ஓடி வந்து தோளால் இரண்டு முறை மோதினார். அந்தக் காலத்துக் கனத்த கதவு அசையவில்லை. கட்டடக் காவலாளியிடம் சாவி இருக்கலாம், ஆனால் திங்கட்கிழமை மாலை அவர் இல்லை. வதனி கைபேசியை எடுத்து 18 அடித்தாள். அது தீயணைப்புப் படை. அங்கே மயங்கி விழுந்தவர்களுக்கும் முதலில் வருபவர்கள் அவர்கள்தான். எண் இணைவதற்குள் குணம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறும். என்ன சொல்லப் போறீர்?"

"உள்ளதை."

முதலில் நெருப்பை அணைத்துவிட்டுப் பலகையைப் போட்டுவிடுவோம், மேலே புகை வாசம் வருகிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றார் குணம். அவர் முகம் சாம்பலாக இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருந்தார். "போலிஸ், கேஸ் எண்டு போனால் எல்லாம் முடிஞ்சுது வதனி. வீட்டை விட்டும் கிளப்பிப் போடுவாங்கள்."

வதனி கையை உருவிக்கொண்டாள்.

"அந்த மனுசன் என்னத்தைச் சுவாசிச்சவர் எண்டு தெரியாமல் அவையள் என்னெண்டு வைத்தியம் செய்யிறது?"

அதன் பிறகு அவள் பேசியது பிரெஞ்சில். எனக்குப் பாதிதான் புரிந்தது. கீழே எங்கள் வீட்டுக் கணப்பில் விறகு எரித்தோம், இரண்டு மணியிலிருந்து, மேலே ஒருவர் பதில் சொல்லவில்லை. தெளிவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர்கள் சொன்னபடி நாங்கள் கீழே ஓடி எல்லா ஜன்னல்களையும் திறந்தோம். குணம் வாளித் தண்ணீரைத் தணலில் கொட்டினார். சாம்பல் சேறு பளிங்கில் வழிந்தது. சட்டியில் ஒரு ரொட்டி ஒரு பக்கம் மட்டும் வெந்து கிடந்தது. அதை எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

தீயணைப்பு வீரர்கள் வரப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது அரை நாள். ஐந்து பேர் முதுகில் சுமையோடு ஏறினார்கள். அவர்கள் இடுப்பில் இருந்த ஒரு சிறிய கருவி ஐந்தாம் மாடிக் கதவுக்கு அருகே போனதும் கீச்கீச்சென்று அலறத் தொடங்கியது. எங்களைக் கீழே போகச் சொல்லிவிட்டுக் கதவை உடைத்தார்கள். வதனி என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

முசியே ரொபேர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தாராம். கையில் ஒரு செருப்பு. எழுந்திருக்க முடியாமல், படுத்த வாக்கில் செருப்பால் தரையைத் தட்டியிருக்கிறார். பிராணவாயு முகமூடியோடு அவரை நாற்காலியில் இறக்கிக்கொண்டு போனபோது கண் மூடியிருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீரர்களின் தலைவர் எங்கள் கணப்பைப் பார்த்துவிட்டு வதனியிடம் பொறுமையாக விளக்கினார். புகைபோக்கி ஐந்தாம் மாடிச் சுவருக்குள் எங்கோ விரிசல் விட்டிருக்க வேண்டும். கொழுந்து அடங்கிய தணலில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம் உண்டாகும். அதற்கு நிறமோ வாசமோ இல்லை. எங்கள் கூடத்துப் புகை எச்சரிப்புக் கருவி வாய் திறக்காததற்குக் காரணம், அந்தக் கருவிக்கு இந்த வாயுவைத் தெரியாது. ஆபத்தெல்லாம் மேலே இருந்தது. போலீசாரும் வந்தார்கள். குணம் நேராக நின்று, தீ மூட்டியது தானே என்று சொன்னார். ஆசைப்பட்டது நான் என்று நானும் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவு உடைந்த கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு குணம் உட்கார்ந்திருந்தார். திருட்டுப் போய்விடக் கூடாதே என்று. காலையில் பூட்டுக்காரர் வந்த பிறகுதான் இறங்கினார்.

புதன்கிழமை முசியே ரொபேர் நன்றாகக் கண் விழித்துப் பேசுகிறார் என்று தகவல் வந்தது. வதனி வேலையில் இருந்தாள். குணம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். மருத்துவமனைக்கு நடந்தே போனோம். வார்டில் முசியே ரொபேர் நான் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தார். குணம் கட்டிலுக்கு அருகே போய்த் தன் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். கிழவர் என்னவோ கேட்டார், குணம் ஒரு சொல்லில் பதில் சொன்னார், கிழவர் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"டெலிபோன் எடுத்தது ஆர் எண்டு கேட்டவர். மனுசி எண்டன்." மனைவியை அவர் அப்படித்தான் சொல்வார். "அவவுக்கு நன்றி சொல்லு, உனக்கு இப்போதைக்கு ஒண்டும் சொல்ல வரேல்லை எண்டார். சரியாத்தான் சொல்லுறார் அக்கா."

நான் வெள்ளிக்கிழமை கிளம்பினேன். அதற்குப் பிறகு நடந்ததை வதனி எழுதித்தான் தெரியும். வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பார்த்ததில், முசியே ரொபேரின் அலமாரிக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது. காப்பீட்டுக் கடிதங்கள் மாதக்கணக்கில் வந்தன. கணப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வழக்கு எதுவும் வரவில்லை. குடியுரிமை ஒன்றரை வருடம் கழித்துக் கிடைத்தது.

இதே ஆசையோடு பாரிஸ் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வாடகை வீட்டில் கணப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டுக்காரர் எழுத்தில் சரி சொல்லாமலும், புகைபோக்கியைச் சுத்தம் செய்த சான்று பார்க்காமலும் தொடாதீர்கள். செய்தித்தாள் சோதனை ஒன்றுக்கும் உதவாது. உங்கள் அறையில் புகை வராதது உங்களுக்கு மட்டும்தான் நல்ல செய்தி. கரி அடுப்பை எந்த வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கும் கருவி முப்பது யூரோவுக்குள் கிடைக்கிறது. அவசரத்துக்கு 18 அல்லது 112. என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்லுங்கள்.

ரொட்டிக்கு எரிவாயு அடுப்பே போதும். பார்லி மாவு இரண்டு பங்கு, முழுக் கோதுமை மாவு ஒரு பங்கு, இரண்டு கரண்டி ஆளிவிதை, உப்பு, பிசைய மோர். அரை மணி நேரம் ஊற விட்டு, அரை விரல் கனத்துக்குத் தட்டி, கனமான இரும்புக் கல்லில் மிதமான தீயில் இரு பக்கமும் சுடுங்கள். சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் பல்லுக்கு வேலை. கிளம்புவதற்கு முந்தின மாலை வதனியின் குசினியில் எட்டு ரொட்டி இப்படித்தான் சுட்டோம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

முசியே ரொபேர் அடுத்த வாரமே வீடு திரும்பிவிட்டார். அவரும் குணமும் நண்பர்களாகிவிடவில்லை. படியில் எதிர்ப்பட்டால் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லிக்கொள்கிறார்களாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. முன்பு அதுவும் இருக்கவில்லை என்று வதனி எழுதியிருந்தாள்.