எல்லாருக்கும் ஒரே ஜன்னல்

கள்ளக்குறிச்சியில் எங்கள் துணிக்கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை இருக்கிறது. முன்பு பண்டிகைச் சரக்கை அதில்தான் இறக்கி வைப்பார்கள். இப்போது அதுதான் என் அலுவலகம். சென்னையில் உள்ள ஒரு சின்னக் கம்பெனிக்காக அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகுவதற்கான மென்பொருள் ஒன்றை நாங்கள் தயாரிக்கிறோம். எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, பிழை திருத்துவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். எங்கள் வேலையையும் நாங்கள் அதில்தான் செய்வோம்.

குழுவில் இன்னொருவர் கரியாலூரில் இருந்தார். நைனார்பாளையத்து விவசாயக் குடும்பம். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நோயில் பார்வை போய்விட்டது. மனைவி நர்ஸ். மலையில் மனைவிக்கு வேலை கிடைத்ததும் இருவரும் அங்கேயே குடிபோய்விட்டார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே, மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் அவர் வேலை செய்வார். அந்தக் குரல் ஓடும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. என்னைவிட மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுவேன்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் செய்தது, எதற்காகச் செய்தது என்ற குறிப்போடு ஓரிடத்தில் சேமித்து வைப்போம். ரெப்போ என்று அதைச் சொல்வோம். பழையது எதுவும் அங்கே காணாமல் போகாது. ஒரு வரி போன வருஷம் எப்படி இருந்தது என்றுகூட எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அப்படிப் பார்க்க எங்கள் மென்பொருளை விட்டு வெளியே வந்து, வெறும் கறுப்புத் திரை ஒன்றில் கட்டளைகளை அடிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் அதைக் கண்டாலே மிரண்டார்கள். மென்பொருளுக்குள்ளேயே ஒரு ஜன்னல் திறந்து ரெப்போவைக் காட்ட வேண்டும் என்று முடிவானது. அந்த வேலை என்னிடம் வந்தது.

ஆசை ஆசையாகச் செய்தேன். ஒவ்வொரு மாற்றமும் ஒரு வட்டம். ஒருவர் தனியாகப் பிரிந்து வேலை செய்தால் புதிய நிறத்தில் ஒரு கோடு கிளம்பும். அவர் வேலை முடிந்ததும் திரும்பி வந்து முதல் கோட்டில் சேரும். வட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் விவரம் மிதந்து வரும். அத்தா, அதாவது என் அப்பா, சாப்பிடக் கூப்பிட மாடி ஏறி வந்தவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, புது டிசைனா? பார்டர் நல்லா கீதே."

கம்பெனியை நடத்துகிறவரும் பாராட்டினார். எல்லோருக்கும் சோதித்துப் பார்க்க அனுப்பினேன். மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தார்.

"ஏம்மா, உன் ஜன்னலுக்குள்ள போனேன். படம், படம், படம்னே சொல்லிக்கினு கீது. சரி, வெளிய வரலாம்னு பார்த்தா வரவும் முடியல. மெஷினையே ஆஃப் பண்ணிதான் வந்தேன்."

மவுஸ் இல்லாமல் அந்த ஜன்னலுக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

"நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. எனக்குக் கறுப்புத் திரை பழக்கம்தான். நான் அங்கயே இருந்துக்கறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் நாள் முழுக்க என்னோடு இருந்தது.

கம்பெனிக்காரர், இப்படியே வெளியிடலாம், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கரியாலூர் போகும் காலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. அருவிக்குக் கிளம்பிய கூட்டத்தால் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சோறு ஆக்கி வச்சிருக்கேன். பேசிக்கினே ரெண்டு பேரும் சாப்பிட மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

வருகிற வழியில் யோசித்து வைத்திருந்ததை உடனே சொன்னேன். "அண்ணா, உங்களுக்குன்னு தனியா சிம்பிளா ஒரு ஜன்னல் பண்ணித் தர்றேன். படம் எதுவும் இருக்காது. எழுத்து மட்டும்தான்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"வேணாம்மா. தனியா பண்றத ஆரம்பத்துல கவனிப்பாங்க. அப்புறம் பெரிய ஜன்னல்ல புதுசு புதுசா சேப்பாங்க, என்னுது அப்படியே கெடக்கும். ஒரு நாள் ஒடஞ்சி போனாக்கூட யாருக்கும் தெரியாது. இத நான் எத்தினி இடத்துல பாத்துட்டேன். நீங்க எல்லாரும் பாக்கற அதே ஜன்னல்தான் எனக்கும் வேணும்."

"அந்தக் கோடெல்லாம் எடுத்துடணுமாண்ணா?"

"நான் எங்க எடுக்கச் சொன்னேன்? உங்கண்ணுக்கு அது வேணும்னா இருக்கட்டும். மொதல்ல அது பேசறத நீ கேளு."

வாசிக்கும் குரலின் வேகத்தை எனக்காகக் குறைத்து வைத்தார். நான் திரையை அணைத்துவிட்டு, என் ஜன்னலுக்குள் விசைப்பலகையால் மட்டும் போனேன். படம். படம். பெயரில்லாத பொத்தான். படம். எந்தப் பக்கம் நகர்கிறேன் என்றே தெரியவில்லை. நானே கட்டியதற்குள் வழி தெரியாமல் நின்றேன். திரையைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"போடு, போடு. போதும்" என்று சிரித்தார்.

பிறகுதான் வேலை ஆரம்பித்தது. யார் மாற்றினார், எதற்கு மாற்றினார், என்ன மாறியது: இவைதான் தனக்கு வேண்டும் என்றார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அவைதான் வேண்டும். வட்டங்களையும் கோடுகளையும் அடிப்படையாக வைத்து நான் கட்டியதைக் கலைத்தோம். முதலில் ஒரு பட்டியல், புதியது மேலே. ஒவ்வொரு மாற்றமும் முழு வாக்கியமாகக் கேட்கும். பிரிந்த இடத்தில் 'இங்கே பிரிகிறது' என்றே சொல்லும். கீழ் அம்பை அழுத்தினால் அடுத்தது, வலது அம்பை அழுத்தினால் உள்ளே மாறிய வரிகள், எஸ்கேப்பை அழுத்தினால் எங்கிருந்து வந்தோமோ அந்த வரிக்கே திரும்பலாம். அந்தப் பட்டியலை வைத்தே பக்கத்தில் கோடுகள் வரையப்படும். பேசும் பகுதியை அவர் எழுதினார், வரையும் பகுதியை நான். நடுவில் நெட் போய்விட்டது. ரெப்போவின் முழு நகல் எங்கள் மெஷினிலேயே இருந்ததால் வேலை நிற்கவில்லை. சோற்றைத்தான் மறந்துவிட்டோம்.

மதியத்துக்கு மேல் ஒருவழியாக ஓடியது. அவர் ஒரு பழைய வரியில் நின்று, இதை யார் மாற்றினார்கள் என்று கேட்கும் விசையை அழுத்தினார். குரல் அவர் பெயரையே சொன்னது. காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே சொல்: 'சும்மா'.

"அடப்பாவி!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "கறுப்புத் திரையில போய்ப் பாக்க சோம்பல்பட்டுக்கினு, இந்த வரி ஏன் மாறிச்சின்னு ஒரு வாரமா மண்டைய ஒடச்சிக்கினு கெடந்தேன். மாத்தினது நான்தானா!"

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி உள்ளே வந்தார். மூடி திறக்காத சட்டியைப் பார்த்து, "இன்னா மனுஷங்க நீங்க" என்றார். அண்ணன் அவரை இழுத்து உட்கார வைத்து, தானே விசைகளை அழுத்தி அழுத்திக் காட்டினார். "அந்தச் செவப்புக் கோடு எதுக்கு?" என்று மனைவி கேட்டார். "அது இவங்களுக்கு. எனக்கு அது 'இங்கே பிரிகிறது'ன்னு சொல்லும். ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அவர்.

மாலை பஸ்ஸில் திரும்பினேன். அதன் பிறகும் சில வாரங்கள் போனிலேயே பேசிப் பேசித் திருத்தினோம். வெளியிட்டபோது கல்லூரிகளிலிருந்து வந்த கடிதங்களில் பலரும் அம்பு விசைகளையே மெச்சி எழுதியிருந்தார்கள். மவுஸைத் தேட வேண்டியதில்லையாம். அது யாருக்காக வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று அண்ணனுக்கும் தோன்றவில்லை.

போன வாரம் காலையில் கூப்பிட்டார். குரலில் எரிச்சல்.

"ஏம்மா, நேத்து இன்னா மாத்தின? ஒவ்வொரு வரிக்கும் தேதி, மணி எல்லாம் சொல்லிக்கினு கீது. ஜாஸ்தி பேசுது. கம்மி பண்ணு."

"மத்தவங்க தேதி வேணும்னு கேட்டாங்கண்ணா."

"அவங்க கேட்டா? நானும்தான் தெனம் இதுல வேல செய்றேன்."

அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில், தேதி வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் அது வரும்படி வைப்பது என்று முடிவானது. போனை வைத்துவிட்டு அந்த வேலையைத் தொடங்கினேன். கறுப்புத் திரைக்கே போய்விடுகிறேன் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. மனம் லேசாக இருந்தது.