கார்பார்க்கில் ஒரு சீனத் தோசை

இராஜரட்ணத்தாருக்குச் சீனாவுக்குப் போக விமானம் தேவைப்படவில்லை. கென்னடி ரோட் பஸ் போதும். வீட்டடி டோர்செட் பார்க்கில் ஏறி வடக்கே போய் இறங்கினால், சனி ஞாயிறுகளில் ஒரு பிளாசாவின் கார்பார்க் முழுக்கக் கூடாரம் போட்டுச் சீனச் சனம் அடுப்பு மூட்டியிருக்கும். புலம்பெயர்ந்து வந்து, காருக்குச் சீற் தைக்கும் தொழிற்சாலையில் முதுகை முறித்துவிட்டு ஓய்வுபெற்ற மனிதர் அவர். அவர் வயதுக்காரர் கோயில், கலியாணவீடு என்று திரியும்போது இவர் பஸ் பாஸும் கையுமாக ஊர் சுற்றினார். சும்மா சுற்றுவாரா? வாய்க்கு ருசியாக எதையாவது கண்டுபிடித்துத்தான் திரும்புவார்.

அங்கே அவர் தின்னாத சாமான் கிடையாது. கரி நெருப்பில் வாட்டிச் சீரகமும் மிளகாய்த் தூளும் தூவிக் குச்சியோடு தரும் ஆட்டிறைச்சியை முதன்முதல் கடித்த அன்று, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சீனக் கிழவரிடம் "உது எங்கட சீரகமெல்லோ ஐயா!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். கிழவர் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டினார். புளிக்க வைத்துப் பொரிக்கும் டோஃபுவின் நாற்றத்துக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். அடுத்த கிழமை அதையும் தின்றார். "நாத்தம் வெளியிலதான், உள்ளுக்க ஒண்டுமில்லை" என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது, மனைவி புனிதவதி அவரை வாசலிலேயே மறித்து, சேட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

அதெல்லாம் புனிதவதிக்கு வருத்தம் வருமுன்.

புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து வேலை செய்தது. நோய் அடங்கியது, கூடவே பசியும் அடங்கிவிட்டது. சோறு மண் மாதிரி இருக்கிறது என்றார். புட்டு தொண்டைக்குள் இறங்கவில்லை. அடுத்த முறை நிறுக்கும்போதும் நிறை குறைந்திருந்தால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தாதி இராஜரட்ணத்தாரைத் தனியே கூப்பிட்டு, வற்புறுத்தாதீர்கள், கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் என்றார். இராஜரட்ணத்தார் வெள்ளைக்கோட்டுக்காரர் சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை.

"புனிதம், கொஞ்சம் சூப் குடிக்கிறீரோ?"

"வேண்டாம்."

"சரியப்பா."

கோப்பை குசினிக்குத் திரும்பிப் போகும். பாவி மனிதர், சிங்குக்குப் பக்கத்தில் நின்று அதைத் தானே குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். குழாய் விட்ட மனைவியை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, "கொஞ்சம் வெளியில போட்டு வாங்கோ, என்னையே பாத்துக்கொண்டு இருக்காமல்" என்று புனிதவதிதான் அவரைத் துரத்திவிட்டார். கார்பார்க்கில் அன்று ஒரு புதுக்கூடாரம். லியூ என்றொரு பெண், வட்டக் கல்லில் மாவை ஊற்றி மரக்குச்சியால் இழுத்துக்கொண்டிருந்தார். அட, தோசை! என்ன மா என்று கேட்டார். பயறும் தினையும் என்று லியூ உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். பயறென்றால் புனிதவதிக்கு ஒத்துக்கொள்ளும். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றைக் கட்டச் சொல்லி வாங்கினார். "இப்ப சாப்பிடு, இப்ப!" என்று லியூ பின்னால் நின்று கத்தக் கத்த, சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார். தோசையைப் பார்சல் கட்டிப் பழகிய சாதிக்கு அது வேறு சாமான் என்று எப்படித் தெரியும்? வீட்டில் பிரித்தபோது உள்ளே வைத்து மடித்த, மாவில் பொரித்த மொறுமொறுத் தகடு ஊறித் துணியாகியிருந்தது. சோஸ் பைக்குள் வடிந்திருந்தது.

"சாப்பிடுறீரோ?"

"வேண்டாம்."

"சரியப்பா."

அடுத்த சனிக்கிழமை போய் லியூவிடம் நடந்ததைச் சொன்னார். மனைவிக்கு வருத்தம், ஒன்றும் சாப்பிடுகிறா இல்லை என்றார். லியூ அகப்பையை நீட்டி அவரை நன்றாக ஏசினார். கல்லிலிருந்து வாய்க்குப் போகவேண்டிய சாமானைப் பஸ்ஸில் ஏற்றுகிறவன் விசரன் என்பது ஏச்சின் சாரம். மனைவியை இங்கே கூட்டிக்கொண்டு வா என்று முடித்தார்.

சொல்வது சுகம். லிஃப்டில் கண்ட பெண்கள் "என்னப்பா இப்பிடி உருகிப்போனீங்கள்" என்று கேட்டதிலிருந்து புனிதவதி ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் வெளிக்கிட்டார்.

"அங்க எங்கட ஆக்கள் ஆருமில்லை, புனிதம். எல்லாம் சீன ஆக்கள். உம்மை ஆர் என்ன ஏதெண்டு விடுப்பு விசாரிக்கப்போறது?"

அந்த ஒரு சொல் வேலை செய்தது. மொட்டைத் தலைக்குமேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு புனிதவதி பஸ் ஏறினார்.

லியூ மாவை இழுத்து, முட்டையை உடைத்துப் பரப்பி, வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் எள்ளும் தூவிப் புரட்டிப்போட்டார். கறுத்த சோஸைப் பூசி, மொறுமொறுத்த தகட்டை நடுவில் வைத்து மடித்து, கடதாசிப் பைக்குள் செருகி நீட்டினார். எள்ளு வாசம் மூக்கில் ஏறியது.

"சாப்பிடுறீரோ?"

"வேண்டாம்."

"சரியப்பா" என்று இராஜரட்ணத்தார் பையைத் தன் பக்கம் இழுத்தார்.

லியூவுக்கு வந்ததே கோபம்! வரிசையில் ஆட்கள் நிற்க, கூடாரத்தை விட்டு வெளியே வந்து பையைப் பறித்தார். புனிதவதியின் முகத்துக்கு நேரே நீட்டினார். புனிதவதி கையால் மறித்தார். லியூ ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார். "நோ, நோ, தாங்க் யூ." லியூ அந்தத் துண்டை ஊதி ஆற்றி, உதட்டுக்குக் கிட்டவே கொண்டுபோய், என்னவோ சீனத்தில் சொல்லிக்கொண்டு அசையாமல் நின்றார். புனிதவதி வாயைத் திறந்தார்.

நறுக்கென்று சத்தம் கேட்டது. மென்றார். விழுங்கினார். பிறகு பையைத் தானே வாங்கி, தெருவில் நின்று தின்னாதே என்று வளர்க்கப்பட்ட அந்த மனுசி, கார்பார்க் நடுவில் நின்று நாடியெல்லாம் சோஸ் வழியச் சாப்பிட்டார். லியூ கல்லுக்குத் திரும்பிவிட்டார்.

"அவ்வளவு ருசியோ?" என்று கேட்டார் இராஜரட்ணத்தார்.

"ருசிதான். எண்டாலும் முதல் வாய்க்கு மனம் வரேல்லை. அவ விடேல்லை." புனிதவதி நாடியைத் துடைத்தார். "முதல் கேட்டவுடன ஆராவது ஓமெண்டு சொல்லுவினமே? நீங்கள் ஒருக்காக் கேப்பியள். வேண்டாமெண்டால் சரியெண்டு தூக்கிக்கொண்டு போவியள். என்னோட உங்களுக்கு அலுத்துப்போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

"நேர்ஸ் சொன்னவ, புனிதம்... வற்புறுத்த வேண்டாமெண்டு..."

"நான் நேர்ஸையே கலியாணம் கட்டினனான்?"

இராஜரட்ணத்தார் முகத்தைத் திருப்பி, தன் குல்லாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இன்னுமொண்டு வாங்கட்டே?"

"வேண்டாம்."

சரியப்பா என்று வந்த சொல்லை விழுங்கினார். "பாதியெண்டாலும்?"

"வேண்டாமப்பா, சாப்பிட்டது காணும்."

"ஒரு கடி, புனிதம். ஒரே ஒரு கடி. எனக்காக."

புனிதவதி அவரை ஒரு கணம் பார்த்தார். "மிளகாய் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கோ" என்றார்.