லெமுவேல் பைனம் கட்டிய கயிறு

லெமுவேல் பைனம் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக பெல்ஃபோர்டு ஊரில் யாரும் சொன்னதில்லை. புகையிலைக் கிடங்கில் அவருக்கு அதுதான் வேலை. இலையைச் சணல் விரிப்பில் குவித்து, நான்கு முனையையும் இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சு போடுவார். அப்புறம் லாரி எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் ஓர் இலை வெளியே வராது. மனிதருக்கு அதில் கர்வம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஆட்களை இருக்கைக்கு அழைத்துப் போகும்போதுகூட, அந்தக் கை நாலு பேர் கண்ணில் படும்படிதான் நடப்பார்.

அந்தக் கர்வம்தான் அவரைக் கவிழ்த்தது.

ஜூன் மாதத்தில் கிடங்கு காலியாகக் கிடக்கும். புகையிலை ஏலம் தொடங்கும்வரை முதலாளி அதை நடனத்துக்கு வாடகைக்கு விடுவார். பெரிய பெரிய இசைக் கோஷ்டிகள் பஸ்ஸில் வந்து இறங்கும். பாடுகிறவர்கள் நம்மவர்கள், கறுப்பர்கள்; கேட்கவோ ஊரே வரும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் போர்வைக்குள் ரேடியோவை வைத்துக் கேட்டுக் கேட்டு, நேரில் பார்க்காவிட்டால் உயிர் போய்விடும் என்று வந்து நிற்பார்கள். ஆனால் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடக் கூடாது என்று சட்டம் ஒன்று இருந்ததே! அதனால் கிடங்கின் நடுவில், தூணுக்குத் தூண், இடுப்புயரத்தில் ஒரு கயிறு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பாட்டும் ஒன்று, பலகைத் தரையும் ஒன்று, புழுக்கமும் ஒன்று.

அந்தக் கயிற்றை யார் கட்டுவது? "நீ கட்டினாத்தான் நிக்கும், லெம்" என்று முதலாளி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதில் குளிர்ந்துபோய் வருஷா வருஷம் கட்டினார் நம் ஆள். கயிறு இருக்கும்வரை போலீஸ் தடி நம் பிள்ளைகள் முதுகில் விழாது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லி வைத்திருந்தார். அந்த நியாயத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. அதுதான் இதில் பெரிய தொல்லை.

ஹோசியா டேட் பாட வந்த வருஷம், லெமுவேலின் மகள் ஆர்லெட்டா முதல்முறையாக ஆட வந்தாள். பதினெட்டு வயது. மஞ்சள் கவுனை அவளே தைத்திருந்தாள். ஹோசியா சாக்ஸபோனும் ஊதுவான், பாடவும் செய்வான். அவனுடைய ரெக்கார்டு சுற்றினால் பாதிரியார்கூட மேஜைக்கடியில் காலை ஆட்டுவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

"டாடி, நான் ஆடுறப்ப நீ பக்கத்துல வந்து நிக்காத. எனக்கு வெக்கமா இருக்கும்."

"எனக்கு வேற வேலையில்லையா? நான் என் தூண்கிட்ட நிப்பேன். நீ பாட்டுக்கு ஆடு, போ."

பொழுது சாய்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. நாலைந்து பாட்டு முடிந்திருக்கும். ஹோசியா முழங்காலில் விழுந்து, மல்லாந்து, கூரையைப் பார்த்து ஊதினான். இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே சமயத்தில் முன்னால் நெட்டியது. முடிச்சு அவிழவில்லை, தூணில் அறைந்திருந்த ஆணிதான் பிடுங்கிக்கொண்டு வந்தது. கயிறு காலடியில் விழுந்தது. அதை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் எல்லாம் கலந்துவிட்டது. ஆர்லெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு செம்பட்டை முடிப் பெண் அடவு கற்றுக்கொண்டிருந்தாள். "இடுப்ப ஆட்டுடி, தோள இல்ல!" என்று கத்திச் சிரித்தாள் ஆர்லெட்டா. கூரை இடிந்து விழவில்லை. லெமுவேலின் கால்கூடத் தாளம் போட்டது.

போலீஸ் கேப்டனின் விசில் கேட்டது. பாட்டு பாதியில் நின்றது.

"டேய் பையா! கயித்தக் கட்டு!"

லெமுவேலுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஆணி போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். கை சுளுக்கு என்று பொய் சொல்லியிருக்கலாம். காது கேட்காதவர்போல ஒரு கணம் நின்றிருந்தாலாவது போதும். கேப்டன் வாயை மூடுமுன் "இதோ சார்" என்று ஓடி, கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். அந்த வேகத்தை நினைத்துத்தான் சாகும்வரை கூசினார்.

கிடங்கு முழுவதும் அவர் கையைப் பார்த்தது. மேடையிலிருந்து ஹோசியா மைக்கில் சொன்னான்: "இறுக்கிக் கட்டு, பெருசு! லூசா விட்டா பாட்டு அந்தப் பக்கம் ஓடிப்போயிரும்!"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். லெமுவேலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தால், வழியில் ஆர்லெட்டா நிற்கிறாள். செம்பட்டை முடிக்காரியின் கையை இன்னும் விடவில்லை.

"நகரும்மா" என்றார் மெதுவாக.

"எந்தப் பக்கம், டாடி?"

தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயாலேயே வரட்டும் என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினார். அவள் அந்தப் பெண்ணின் கையை விட்டுவிட்டு, அவர் காட்டிய பக்கம் போய்ச் சுவரோரமாக நின்றாள். பாட்டு மறுபடி தொடங்கியது. அவள் ஆடவில்லை.

அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேச்சு எழவில்லை. அடுத்த ஜூனில் லெமுவேல் இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டார், வேறொருவன் கட்டினான். அப்புறம் கோர்ட் தீர்ப்பும் உரிமை கேட்டு ஊர்வலங்களும் வந்து, கயிறு என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. அதை முதலில் ஆட்டிவைத்தது ஹோசியாவின் சாக்ஸபோன்தான் என்று ஊர் பெருமை பேசியது.

லெமுவேல் கிழவராகி மகள் வீட்டில் இருந்தபோது, ஹோசியாவைப் பற்றி எழுதுவதற்காக ஒரு கல்லூரிப் பெண் டேப் ரெக்கார்டரோடு வந்தாள். ஆர்லெட்டா முகம் மலர அந்த இரவைச் சொன்னாள். மஞ்சள் கவுன், பிடுங்கிய ஆணி, செம்பட்டை முடி, எதையும் விடவில்லை.

"அப்புறம் என்னாச்சு?"

"போலீஸு வந்து திரும்பக் கட்ட வச்சாங்க."

"யாரு கட்டினது?"

மூலை நாற்காலியில் இருந்த லெமுவேல் காபியைத் தரையில் வைத்தார். ஆர்லெட்டா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"கெடங்கு ஆளு யாரோ. பேரு ஞாபகமில்ல."

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். பல பேரிடம் பல தடவை இப்படியே சொல்லிப் பழகிய வாய் அது. தன் வாழ்க்கையின் மிக நல்ல இரவிலிருந்து அப்பாவை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். வைத்தால்தான் அந்த இரவு அவளுக்கு மிஞ்சும். அப்பாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, அவரைப் பார்க்கப் பிடிக்காமல் சொன்னாளா என்று கேட்கும் தைரியம் கிழவருக்கு இல்லை.

கல்லூரிப் பெண் அவரிடம் திரும்பினாள். "நீங்களும் அன்னைக்குப் போயிருந்தீங்களா, தாத்தா?"

"இல்லம்மா" என்றார் லெமுவேல். "நான் போகல."