அமாலியாவுக்காக ஒரு ஃபோகஸ் லைட்

எலிசியோ பாக்கா யாரிடமும் முகத்துக்கு நேராகப் பேச மாட்டான். பேசும்போது தலையை லேசாக வலப்பக்கம் திருப்பிக்கொள்வான். எங்கள் ஜூனிபர் மேட்டுக் குடியிருப்புக்கு வந்த புதிதில், திமிர் பிடித்தவன் என்று பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். நானும்தான். உண்மை பிறகுதான் தெரிந்தது. அரிசோனாவின் தென்கோடியில் ஒரு செம்புச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தவன் அவன். அங்கே எல்லார் தலையிலும் விளக்கு. எதிரே நிற்பவனை நேராகப் பார்த்தால் அவன் கண் கூசிப்போய், கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவது அங்கே மரியாதை. ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அவன் கழுத்து அந்தப் பழக்கத்தை விடவில்லை.

சுரங்கத்தில் தெறித்த கல் ஒன்று அவனுடைய இடது கண்ணை வாங்கிவிட்டது. இருட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று லைசென்ஸிலேயே எழுதியிருந்தது. அவன் மனைவி அமாலியாவுக்கோ வண்டி ஓட்டவே தெரியாது. கற்றுக்கொள்ள மாட்டேன் என்று ஐம்பத்தெட்டு வயதுவரை சாதித்துவிட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. விடியுமுன் ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கி, சரிவில் நடந்து, கீழே இருக்கும் சின்னக் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். முக்கால் மைல் நடை. அந்த முக்கால் மைலில் இரண்டே தெருவிளக்குகள்.

அதற்குக் காரணம் நான். எங்கள் மலைமேல் வானாய்வு நிலையம் இருக்கிறது; சுற்றிலும் இருட்டாக இருந்தால்தான் அங்கே நட்சத்திரம் தெரியும். மனை பிரித்தபோது, தெருமுனைகளில் மட்டும் மூடி போட்ட மஞ்சள் விளக்கு போதும் என்று மனுப் போட்ட குழுவுக்கு நான்தான் தலைவன். விளக்கைக் குறைப்பதென்றால் நடைபாதை போட வேண்டும், ஓரத்தில் மின்னும் கோடு அடிக்க வேண்டும் என்றும் அதே மனுவில் எழுதியிருந்தேன். மனை விற்ற ஆசாமி விளக்கைக் குறைப்பதை மட்டும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். நடைபாதை காகிதத்தோடு நின்றுபோனது. இன்று நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

செப்டம்பர் கடைசியில் ஒரு பிக்கப் வண்டி அமாலியாவின் கைப்பையை உரசிக்கொண்டு போயிற்று. நிற்கவே இல்லை. மதியத்துக்கு எடுத்துப்போன பச்சை மிளகாய்க் குழம்பு ரோடெல்லாம் சிந்தியதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எலிசியோ சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே கார் ஷெட்டின் உச்சியில் ஒரு ஃபோகஸ் லைட்டை, அவள் நடக்கும் சரிவைப் பார்த்தபடி மாட்டிவிட்டான். அதன் வெளிச்சம் நாற்பது கஜம் போய் அறுந்து நின்றது.

குழுத் தலைவன் என்ற முறையில் நான் போய் நின்றேன்.

"இது கூடாது எலிசியோ. விதி இருக்கு."

"அதையெல்லாம் ஒங்க இருட்டுச் சங்கத்துல போய்ச் சொல்லு. எம் பொண்டாட்டி நடக்கிற ரோடு அவளுக்குத் தெரியணும்."

"நட்சத்திரத்துக்காகச் சொல்லலப்பா. கீழேருந்து வண்டியில வர்றவன் கண்ண இது புடுங்குது. வெளிச்சம் முடியற எடத்துல ஆள் நின்னா அவனுக்குத் தெரியவே தெரியாது. நீயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான பேசற?"

"அது தலை லைட்டு. இது செவுத்து லைட்டு. ரெண்டும் ஒண்ணா?"

அமாலியா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் கிழவா, அவர வாசல்லயே நிறுத்திவச்சு சண்டை போடற? உள்ள வாங்க வெண்டெல், டமாலே வெந்துடுச்சு. இந்த லைட்டு வந்ததுலேருந்து எதிர்வீட்டுக்காரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தூங்கறாளாம்."

உள்ளே போய், சோளமாவில் அவித்த அந்த டமாலேயைச் சாப்பிட்டேன். அதன் பிறகு இரண்டு நோட்டீஸ் அனுப்பினேன். மூன்றாவது நோட்டீஸ் போனால் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விளக்கைக் கழற்றிவிடுவான். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேஜை இழுப்பறையிலேயே வைத்துப் பூட்டினேன். அந்த ரோட்டை இருட்டாக்கியவன் நான். அவன் மாட்டியதைக் கழற்று என்று எந்த முகத்தோடு சொல்வது?

நவம்பருக்குள் இன்னும் இரண்டு வீடுகளில் ஃபோகஸ் லைட் ஏறியது. விளக்குக்கும் விளக்குக்கும் நடுவில் இருட்டு முன்பைவிடக் கெட்டியானது. ஒரு நாள் விடியுமுன் சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன். ஏழெட்டுக் காட்டுப்பன்றிகள் ரோட்டோரம் நின்றிருந்தது, அவற்றைக் கடந்த பிறகு பக்கக் கண்ணாடியில்தான் தெரிந்தது. அன்றைக்காவது அந்த நோட்டீஸை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

டிசம்பர் இரண்டாம் செவ்வாய், விடியுமுன். நிலா இல்லை. நகரத்து நீச்சல்குளத்துக்குப் போக, வண்டிகள் வெளியேறும் மேல்கேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தேன். வேகமெல்லாம் இல்லை, இருபது மைல்தான். எலிசியோவின் விளக்கு கண்ணில் அடித்தது. கை தானாக நெற்றிக்குப் போயிற்று. சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. ஏதோ மூட்டையில் இடித்தது போலத்தான் இருந்தது.

இறங்கி ஓடினேன். ஜல்லியில் அமாலியா மல்லாந்து கிடந்தாள். "வெண்டெல்தானே?" என்றாள். "என் ஷூ எங்க போச்சுன்னு பாருங்க." ஷூ காலிலேயேதான் இருந்தது. அந்தக் கால்தான் இருக்க வேண்டிய பக்கம் பார்த்து இருக்கவில்லை.

வந்த போலீஸ்காரனிடம் விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவன் கையிலிருந்த படிவத்தில் மூன்று கட்டங்கள்: பகல், வெளிச்சமுள்ள இருட்டு, வெளிச்சமில்லாத இருட்டு.

"அவங்க விழுந்த எடத்துல வெளிச்சம் இருந்துச்சா?"

"இல்ல. ஆனா மேல அந்த லைட்டு..."

"விழுந்த எடத்துல, சார்."

"இல்ல."

மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டான். என்மேல் வழக்கு எதுவும் இல்லை.

மருத்துவமனை வராந்தாவில் எலிசியோ என் எதிரே வந்து நின்றான். அன்றைக்கு மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. ஒற்றைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அந்த லைட்டு இருந்ததாலதான கடைசி நேரத்துலயாச்சும் அவளப் பாத்த? பிரேக்கப் போட்ட? இல்லன்னா எம் பொண்டாட்டி போயிருப்பாதான?"

நான் பிரேக் போட்டது சத்தத்துக்குப் பிறகு.

"ஆமா," என்றேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். நான் கோழை. அந்த ஒரு வார்த்தையில் அவன் பாரமும் குறைந்தது, என் பாரமும் குறைந்தது என்று அப்போது நினைத்தேன்.

அவன் அதை ஊரெல்லாம் சொன்னான். அவள் விழுந்த இடத்தில் வெளிச்சம் இல்லை என்று போலீஸ் காகிதமும் சொன்னது. ஜனவரிக் கூட்டத்தில், வீட்டுக்கு வீடு ஃபோகஸ் லைட் போடலாம் என்று விதியை மாற்றினார்கள். "வெண்டெல் வாயாலயே சொல்லியிருக்காரே, அப்பறம் என்ன?" என்றார் ஒருவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இப்போது அந்தச் சரிவில் ஒன்பது விளக்குகள். வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் அதே சரிவில்தான் ஏறுகின்றன. நான் மட்டும் விடியுமுன் வண்டி எடுப்பதை விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் அமாலியாவைப் பார்க்கப் போயிருந்தேன். மார்ச் பிறந்துவிட்டது. கோல் ஊன்றி நடக்கிறாள். எலிசியோ வெளியே ஏணியில் நின்று இரண்டாவது விளக்கை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க என்னப் பாக்கல வெண்டெல்," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "லைட்டு மொத்தமும் உங்க மூஞ்சிலதான் அடிச்சுது. கண்ண மூடிக்கிட்டு, கைய மேல வச்சிருந்தீங்க. நான் ஒதுங்கறதுக்குள்ள வந்துட்டீங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "சொல்லிடறேன் அமாலியா. இப்பவே போய் அவன்கிட்டச் சொல்லிடறேன்."

"உக்காருங்க." என் கையைப் பிடித்தாள். "எனக்காக மாட்டினது அது. அதாலதான் என் கால் போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்குவாரா? மூணு மாசமா அந்த ஒரு நெனப்புலதான் தூங்கறாரு. அதக் கெடுக்காதீங்க."

"அப்ப உங்க கதி?"

"நான் ஓரமா நடந்துக்கறேன்."

வெளியே எலிசியோ குரல் கொடுத்தான். "கிழவி, வந்து பாரேன். இப்பக் கேட்டு வரைக்கும் தெரியுது."

கோலை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். நான் பின்னாலேயே போனேன். மசங்கலில் சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஏணியின் உச்சியிலிருந்து அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பகல் மாதிரி இருக்கு கிழவா," என்றாள்.

அவன் சிரித்தான். நான் அவனிடம் உண்மையைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு அவள் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். இன்று சனிக்கிழமை.