பெயர் வெட்டிய தூக்குவாளி

தொண்டு செய்வதில் சுலபமான பகுதி கொடுப்பது. வாங்க வைப்பதுதான் இடுப்பை ஒடிக்கிற வேலை. அன்னதான வரிசையில் ஒரு நாளாவது கரண்டி பிடித்து வசை வாங்கியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குப் புதிர் போட்டே தலை நரைத்த நான், ஓய்வுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஒரு சிறு கூட்டத்தில் சேர்ந்தேன். நடமாட முடியாதவர்கள் இருக்கும் பதினோரு வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவோம். சமையல், மளிகைக்கடை சவரிமுத்துவின் வீட்டுக் கொல்லையில். ஆகவே தலைவரும் அவரே.

மின்விசிறியின் மூன்று இறக்கை

ரிபெக்கா மும்பை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வங்கி வேலை மாற்றலில் இங்கே வந்து, காய்கறிச் சந்தையில் பேரம் பேசியே தமிழ் கற்றவர். எங்கள் கூட்டத்துக்கு வந்த முதல் நாளே தங்கள் வீட்டுப் பாடம் ஒன்றைச் சொன்னார். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியக் கூடாது. வாங்கியவர் யார் என்று கொடுத்தவருக்கும் தெரியக் கூடாது. தருமத்தில் அது மிக உயர்ந்த படிகளில் ஒன்றாம்.

சவரிமுத்துவுக்கு முகம் வெளிறிவிட்டது. மாதா கோயிலுக்குத் தான் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதியவர் அவர். சுற்றும்போது படிக்க முடியவில்லை என்று யாரோ சொன்னதால், சித்திரை வெயிலிலும் அதை ஒன்றாம் எண்ணிலேயே ஓடவிட்டவர். அவர் கேட்டார்:

“ஏம்மா, குடுத்தது நாமதான்னு தெரியலைன்னா, பக்கத்துத் தெருக்காரன் குடுத்ததா ஆயிராதா?”

வேப்பமரத்துக்குப் பின்னால்

ஆனாலும் முயன்று பார்த்தோம். சாப்பாட்டைக் கேட்டில் மாட்டுவது, மணியை அடிப்பது, ஓடி ஒளிவது. என் வயதில் ஓட்டம் என்பது வேகமான நடைதான். பேகம்பூரில், பக்கவாதத்தில் படுத்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஜன்னத்தம்மா வீட்டு வாசலில் மாட்டிவிட்டு, எதிரே வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

நாங்கள் மறந்துபோனது ஒன்றுதான். சாப்பாடு போனது எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளிகளில். நம் ஊரில் பெயர் வெட்டாத எவர்சில்வர் ஏது? ஜன்னத்தம்மா வாளியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கச் சொன்னார்:

“சவரிமுத்து தம்பி புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிட்டாகளா? வாளியில வெட்டியிருக்கே! எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு!”

ஏழு பிறந்தநாள்

ஜன்னத்தம்மாவுக்குப் பக்கத்து வீடு மரியபுஷ்பம் அம்மாவுடையது. சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் சத்துணவு சமைத்தவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அடுப்படியில் நிற்க முடியாது. தனி ஆள். டீயிலும் பன்னிலும் நாளைத் தள்ளினார். வயிறாரச் சாப்பிடாவிட்டால் புண் ஆறாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எங்கள் சாப்பாடோ மதியம் மாட்டிய கேட்டிலேயே மாலைவரை தொங்கியது.

நேரில் போய்ப் பொய் சொன்னேன். முதல் நாள், பேத்திக்குப் பிறந்தநாள். மறுநாள், மருமகனுக்கு. அதற்கடுத்த நாள் எனக்கே. இப்படியே ஏழாம் நாளும் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வாரத்துல ஏழு நாளும் பிறந்தநாள் கொண்டாடுற குடும்பத்த இப்பத்தான் பாக்கேன். எடுத்துட்டுப் போங்க தம்பி.”

தூக்கி எறியும் டப்பா

பெயர்த் தொல்லை தீர, சவரிமுத்து பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினார். பெயர் இல்லை, கழுவ வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். எல்லா வீட்டிலும் கைதட்டுவார்கள் என்று நினைத்தோம். எல்லா வீட்டிலும் முகம் சுருங்கியது.

அதுவரை வாளிகள் வெறுமனே திரும்பியதில்லை. ஒன்றில் நாலு எலுமிச்சம்பழம், இன்னொன்றில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரையாவது வரும். நாங்கள்தான் கவனிக்கவில்லை. ஜன்னத்தம்மா டப்பாவை என் கையிலேயே திணித்தார்:

“தூக்கிப் போடுற டப்பாவுல குடுத்தா, நான் எதுல வச்சு என்னத்தத் திருப்பிக் குடுக்க? நாங்க என்ன வாங்கித் திங்க மட்டுமா பொறந்தோம்?”

உப்பு பார்த்தவர்

இதை ரிபெக்காவிடம் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பாடத்தில் பாதியைத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாராம். பிறர் கொடுப்பதில் வாழ்கிறவரும் தன் பங்குக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். அந்த உரிமையை அவரிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது. அது மீதிப் பாதி.

மறுநாள் ரிபெக்கா சோறும் ஒரு வாளிச் சாம்பாரும் ஒரு பை பீன்ஸுமாக மரியபுஷ்பம் அம்மா வீட்டுக்குப் போனார். நானும் சவரிமுத்துவும் பின்னால். “சாம்பார் சரியா வரலை. உப்பு பார்த்துச் சொல்லுங்க. பீன்ஸும் நறுக்கித் தரணும், எங்களுக்குக் கை பத்தலை” என்றார். பொய் ஒன்றுமில்லை, சாம்பார் உண்மையிலேயே சரியாக வரவில்லை.

அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். முகம் கோணியது. நம்ப முடியாமல், தட்டில் சோறு போடச் சொல்லிப் பிசைந்து ஒரு வாய் உண்டார். திட்டினார். மறுவாய் உண்டார். புளியைத் திட்ட ஒரு கவளம், பருப்பைத் திட்ட ஒரு கவளம், பெருங்காயத்தைத் திட்ட இரண்டு. தட்டு காலியானதும் கத்தியை வாங்கி, காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பீன்ஸை நறுக்கத் தொடங்கினார். நறுக்கிக்கொண்டே கேட்டார்:

“முந்நூறு பிள்ளைக்கு ஆக்கிப் போட்டவ நான். தெனமும் கொண்டாங்க, நான் பாத்துச் சொன்னாத்தான் மத்த வீட்டுக்குப் போகணும். ஆமா, இந்தக் கண்றாவிய வச்சது யாரு?”

ரிபெக்கா சொன்ன அந்த உயர்ந்த தருமத்தை எங்கள் கூட்டம் அன்றுதான் முதன்முறையாகக் குறையின்றிச் செய்தது: அந்தச் சாம்பாரை வைத்தது யார் என்று சவரிமுத்து உட்பட ஒருவரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.